கருவறை கேட்ட கேள்வி

செம்பாறைக்குளத்தில் சாத்தையா என்றோர் அடியார் இருந்தார். கிணறு வெட்டுவது பிழைப்பு. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவர் இறங்குவார். மேலே அவர் மனைவி இருளாயி கயிற்றைப் பிடித்திருப்பார்.

ஆழத்தில் விஷக்காற்று நிற்கும். ஆகையால் இறங்கியவர் ஓயாமல் குரல் கொடுக்க வேண்டும். குரல் நின்றால் மேலே இழுத்துவிட வேண்டும். அது தொழிலின் வழக்கம். மற்றவர்கள் ஊர்க்கதை பேசுவார்கள். சாத்தையா சாமியிடம் பேசுவார்.

"ஐயா, மேல நின்னு பாத்தா நான் எறும்பு. இங்கன இருந்து பாத்தா வானமே ஒரு தட்டுதான். அளவெல்லாம் நிக்கிற இடத்தப் பொறுத்ததுதானே? நான் இருக்கேன். நீ இருக்கியா?"

கோயில் கிணறு வற்றியது. அபிஷேகத்துக்கு நீரில்லாமல், பிராகாரத்தில் புதுக்கிணறு வெட்ட அவரையே அழைத்தார்கள். உச்சிப் பூசையில் பாடுகிற திருமேனி ஓதுவாருக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை.

"ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. சாமிய நீ வா போங்கிறான்! பூசை நேரத்துல வாயத் தொறக்கப்படாது."

"குரல் வரலேன்னா ஆளு உசுரோட இருக்காரான்னு எனக்கு எப்படிச் சாமி தெரியும்?" என்றார் இருளாயி.

"கயித்த ஆட்டச் சொல்லு. சாமி கருவறையில இருக்காரு, உம் புருசன் பாதாளத்துல தேடுதான்!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சாத்தையா கும்பிட்டார். "சரிங்க சாமி, பேசல. விடு இருளாயி, நம்ம பேச்சு எங்க போயிரப் போவுது? நெஞ்சுக்குள்ள கெடக்கட்டும்."

பத்தொன்பதாம் நாள் உச்சிவேளை. மேளம் முழங்கியது. கயிறு இரண்டு முறை ஆடியது, பிறகு ஆடவில்லை. பாறையைப் புரட்டுகிறார் போலும் என்று இருளாயி காத்திருந்தார். உள்ளே சாத்தையாவுக்கு மூச்சு அடைத்தது. கத்த வாயெடுத்தார், கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. கயிற்றை ஆட்டக் கை எழவில்லை. நெஞ்சுக்குள் "ஐயா" என்றார். சாய்ந்துவிட்டார்.

அந்நேரம் கருவறையில், தீபத்துக்கு அப்பாலிருந்து, பச்சையான ஊர்ப் பேச்சில் ஒரு குரல் கேட்டது:

"நான் இருக்கேன். சாத்தையா இருக்கானா?"

மணி நின்றது. ஓதுவார் கைத்தாளத்தை எறிந்துவிட்டு ஓடிவந்து, கயிற்றைப் பிடித்தார். "இழு தாயி! இழு!"

மேலே வந்தவருக்குக் கணுக்கால்வரை நனைந்திருந்தது. கிணற்றில் ஊற்று கண் திறந்திருந்தது. நெடுநேரம் கழித்து மூச்சு திரும்பியது. கண்விழித்தவர் ஓதுவாரைப் பார்த்துப் பதறினார்.

"பூசை முடிஞ்சிருச்சா சாமி? இனிமே பேசலாமா?"

ஓதுவார் அந்த ஈரக் காலைத் தொட்டார். "பேசும் ஐயா. எம் பாட்ட நிறுத்திட்டு உம்மத்தான் கேட்டாரு."

தாளம் அறியாத அந்த வாயின் சொல்லையே இறைவன் தன் சொல்லாக எடுத்துக்கொண்டான். சாத்தையாவின் காலடி ஈரம் நம் தலைமேல் இருக்கட்டும்.