செவலைக் குட்டியின் வயிறு

மலைமேல் இருந்த அந்த மடத்துக்கு அரிசி, பருப்பு எல்லாம் குதிரை முதுகில்தான் ஏறி வரும். குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் ஏகம்பன். நாற்பது வயதுக்குமேல் துறவுக்கு வந்தவர். அதற்குமுன் ஒரு மருத்துவமனையில் துப்புரவு மேற்பார்வையாளர்.

லாயத்தில் பிறந்த செவலைக் குதிரைக்குட்டிக்குப் பால் மறக்கும் பருவம் வந்தது. ஏகம்பன் ஒரே காலையில் தாய்க்குதிரையை அடிவாரத்துக் கொட்டடிக்கு ஓட்டிவிட்டார். லாயத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவினார். தொட்டி நிறையக் கொள்ளு வைத்தார்.

குட்டி கத்தியது. சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நடந்தது. பிறகு கழிச்சல் கண்டு படுத்துவிட்டது.

ஏகம்பன் குரு உமாபதியிடம் ஓடினார்.

“சுவாமி, குட்டி பிழைக்காது போலிருக்கிறது. தூசு துரும்பு இல்லாமல் கழுவினேனே!”

குரு லாயத்துக்குள் வந்து மோந்து பார்த்தார்.

“பிரசவ வார்டு மாதிரி இருக்கிறது. தாய் எங்கே?”

“பிரித்துவிட்டேன். நாம் எல்லோரும் பழைய துணியை மடத்து வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தானே வந்தோம்? பந்தத்தை ஒரே வெட்டாக வெட்டுவதுதானே முறை?”

“குட்டி துறவுக்கா வந்திருக்கிறது?”

ஏகம்பன் குட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“போய்த் தாயை ஓட்டி வா. அது போட்ட லத்தியையும் ஒரு கூடை அள்ளி வா.”

“லத்தியா? கழுவின தரையிலா?”

“கழுவின தரையில்தான்.”

தாயைக் கண்டதும் குட்டி தள்ளாடி எழுந்தது. முட்டி முட்டிப் பால் குடித்தது. பிறகு லத்தியை முகர்ந்து, கொஞ்சம் தின்றது. ஏகம்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பார், பார்,” என்றார் குரு. “புல்லைச் செரிப்பது குட்டி மட்டுமல்ல. அதன் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும்தான். தாயிடமிருந்து அவை இப்படியும் வந்து சேரும். நீ பாலை நிறுத்தினாய், துணையைப் பறித்தாய், புதுத் தீனியைக் கொட்டினாய். எல்லாம் ஒரே நாளில். குட்டி கலங்கினால் குடலும் கலங்காதா?”

ஏகம்பன் குட்டியின் பக்கத்திலேயே கிடந்தார். வேளை தவறாமல் தண்ணீர் காட்டினார். மெல்ல மெல்லக் கழிச்சல் நின்றது. ஒருநாள் குட்டி அவர் தோளைக் கடித்துவிட்டுத் துள்ளி ஓடியது.

“சுவாமி, புத்தி வந்தது. இனிப் பிரிக்கவே மாட்டேன்.”

“தாய் மறுபடி சினையாக இருக்கிறது. பிரிக்கத்தான் வேண்டும்.”

“எப்படிப் பிரிப்பது?”

“நடுவில் வேலி போடு,” என்றார் குரு. “மூக்கு நுழைய இடம் விட்டுப் போடு.”