கன்றுக்குட்டியிடம் சொன்னது

பனிக்காலத்தில் அந்த ஏரிக்கரையில் ஆட்கள் முழுசாகத் தெரிவதில்லை. முதலில் குரல் வரும், பிறகு கால் வரும், முகம் வர நேரமாகும். அப்படித்தான் ஒரு விடியலில் சேந்தி வந்து காரியம்மையின் குடிசை முன் உட்கார்ந்தாள். காரியம்மை அவளுக்குக் குரு. வயதில் அவளைவிட இரண்டு குறைவு. மூன்று வருடமாக அவரிடம் சும்மா இருக்கக் கற்றுக்கொள்கிறாள் சேந்தி. அன்று அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

கணவன் கொற்றன் கப்பலேறிப் போய் எட்டு மாதம் கழித்துத் திரும்பியிருந்தான், நெஞ்சு வரை தாடியோடு. ஊரே ஆகா ஓகோ என்றது. அவனும் அதற்கு எண்ணெய் தடவிச் சீவி, செல்லப்பிள்ளை போல வளர்த்தான். சேந்திக்குத்தான் பிடிக்கவில்லை. நேரே சொன்னால் மனம் நோகுமே என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் விழும்படி கன்றுக்குட்டியின் முகத்தைத் தடவி, "உனக்கு எவ்வளவு வழவழன்னு இருக்கு. சிலபேர் புதரை வளர்த்து வச்சிருக்காங்க" என்றாள்.

அன்றிலிருந்து கொற்றன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறான். தாடி அப்படியே இருக்கிறது. அடுத்த கப்பல் எப்போது என்று விசாரிக்கிறானாம். அதைக் கேட்டதும் இருட்டோடு கிளம்பி வந்தவள், எல்லாவற்றையும் குருவிடம் கொட்டினாள்.

"இன்னும் பக்குவமா எப்படிம்மா சொல்றது?"

காரியம்மை அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்திடம் பேசினார்.

"கேட்டியா குடமே, சிலபேர் மூணு வருஷமா வர்றாங்க. மண்டையில ஒண்ணும் ஏறலை."

குடம் என்ன சொல்லும்? சேந்திக்கு முகம் சுருங்கிப்போனது. குரு திரும்புவார் என்று காத்திருந்தாள். திரும்பவில்லை. ஏரியும் கரையும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. உலகத்தில் அந்தக் குடமும் குருவும் மட்டும் இருப்பது போலவும், தான் எப்போதோ கரைந்துபோனது போலவும் அவளுக்கு இருந்தது. அழுகை வந்தது.

"எதுவா இருந்தாலும் என்னைப் பார்த்துச் சொல்லுங்கம்மா."

காரியம்மை திரும்பினார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"தாடியில உனக்கு என்ன பிடிக்கலை?"

குத்துகிறது என்று சொல்ல வாயெடுத்தாள். அது இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"அவர் சிரிச்சா இடது கன்னத்துல ஒரு குழி விழும். எட்டு மாசமும் அதை நினைச்சுக்கிட்டுத்தான் தூங்குனேன். இப்ப சிரிக்கிறாரா இல்லையான்னே தெரியலை."

"இது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போய்ச் சொல்லு."

"எடுக்க மாட்டேன்னுட்டா?"

"தாடி அவரோடது."

சேந்தி எழுந்தாள். ஆனாலும் நகரவில்லை.

"மனசு நொந்துட்டார்னா?"

காரியம்மை அவள் முகம் கழுவத் தண்ணீர் சாய்த்துக் கொடுத்தார்.

"பக்கத்துல உக்காந்து, பார்த்துக்கிட்டே சொல்லு. நொந்தா உனக்குத் தெரியும். தடவிக்கொடுக்கக் கையும் எட்டும்."