மூன்றில் நிற்காத அலகு

அந்தக் காலத்தில், விலங்குகளும் பறவைகளும் ஒரே பேச்சைப் பேசிவந்தபோது, மரங்கொத்திக்கு நிறுத்தி நிறுத்திக் கொத்தும் வழக்கம் கிடையாது. தொடங்கினால் மழை கொட்டுவதுபோல ஒரே மூச்சில் கொத்தி முடிக்கும். மலைச்சரிவுக் காட்டில் ஆபத்து வந்தால் கொட்டி அறிவிக்கும் வேலையும் அதனுடையதுதான்.

காட்டின் நடுவே பட்டுப்போன வேங்கை மரம் ஒன்று நின்றது. உள்ளே வெறும் பொந்து. அதில் அலகால் அடித்தால் ஓசை ஆற்றங்கரை வரை போகும். உச்சிப் பாறையிலிருந்து பருந்து ஆபத்தைப் பார்த்துச் சொல்லும், மரங்கொத்தி அடிக்கும். இரண்டே கொட்டுகள். காட்டுத்தீ என்றால் "தக தக தக தக, தகதிமி தோம்." எல்லாரும் கீழே ஆற்றுக்குள் இறங்கிவிட வேண்டும். வெள்ளம் என்றால் "தக தக தக தக, தகிட தோம்." எல்லாரும் மேலே ஏறிவிட வேண்டும். தோமுக்கு முன் விழுவது நான்கா மூன்றா என்பதில்தான் காட்டின் உயிர் இருந்தது.

ஒரு கோடையில், அதுவரை கொட்டிவந்த மரங்கொத்தி இறந்துபோக, வேலை சிவந்தி என்ற மரங்கொத்திக்கு வந்தது. மேற்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. மழைக்கு முன் இரண்டு கொட்டுகளையும் சிவந்தி பழகியாக வேண்டும்.

வேங்கையில் அடித்துப் பழக முடியாது. காடே கலைந்து ஓடிவிடும். அதனால் சரிவின் கீழே இருந்த புங்க மரத்தின் பச்சைக் கிளையில் பழகியது. அங்கே ஓசை தூரம் போகாது. தீக்கொட்டு சுலபமாக வந்துவிட்டது. வெள்ளக்கொட்டுதான் வரவில்லை. இரண்டிரண்டாக ஓடிவந்த அலகு மூன்றில் நிற்க மறுத்தது. நான்காவது அடி தானாக விழுந்தது. விழுந்ததும் சிவந்தி தலையை உதறிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும், முன்னைவிட வேகமாக. மறுபடி நான்கு. மறுபடி முதலிலிருந்து. பொழுது சாயும் வரை இதே கதை.

புங்க மரத்தின் வேருக்கடியில் கூரி என்ற முள்ளம்பன்றி இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. ஒரு பிற்பகல் அது வளையிலிருந்து தலையை நீட்டியது.

"என்னடி சிவந்தி, இன்னிக்கும் நாலுதானா?"

"கேட்டுடுச்சா அக்கா?"

"கேக்காம? என் குட்டிங்க தூக்கத்துலகூடத் தகதிமி தகதிமின்னு முனகுதுங்க."

"அலகு தேயுற மாதிரி அடிக்கிறேன். வரவே மாட்டேங்குது."

"வருதே! தப்பு அவ்வளவு அழகா வருது. நாள் முழுக்க அதைத்தானே பழகுறே?"

சிவந்திக்குச் சுருக்கென்றது. "நீ என்னிக்காவது அடிச்சிருக்கியா? பேச வந்துட்டே!"

"அடிச்சதில்ல. கேட்டு நடக்குறவ நான். மான் மாதிரி எனக்கு ஓடத் தெரியாது. நீ நாலு அடிச்சா, இந்த ரெண்டையும் கூட்டிக்கிட்டு நேரா ஆத்துக்குள்ள இறங்கிடுவேன். வந்தது வெள்ளமா இருந்தா?"

சிவந்தி கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தது. "சரி, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டது.

"தூரத்துலேர்ந்து ஓடி வந்தா யாராலதான் நிக்க முடியும்? தடுக்குற இடத்தை மட்டும் அடி. தகிட. மெதுவா. அடிச்சிட்டு, என்ன விழுந்துச்சுன்னு கேளு."

சிவந்தி அடித்தது. தகிட. நிறுத்திக் கேட்டது. மூன்று. இன்னொரு முறை அடித்துக் கேட்டது. மூன்றேதான். அதற்கு முன்னால் ஒரு தக சேர்த்துப் பார்த்தது. பிசகவில்லை. இரண்டு சேர்த்தது. அதுவும் நின்றது. கூரியின் குட்டிகள் வளைக்குள்ளிருந்து கூடவே தகிட சொல்லின.

அப்போது மேற்கே இடி உருண்டது. சிவந்தியின் இறகெல்லாம் சிலிர்த்தது. "இப்படி எறும்பு ஊர்ற மாதிரி பழகினா வெள்ளம் காத்துக்கிட்டு இருக்குமா அக்கா?" என்றபடி பழைய வேகத்தில் முழுக்கொட்டையும் அடித்தது. நான்கு விழுந்தது. முதலிலிருந்து அடித்தது. மறுபடி நான்கு. கூரி வளைக்குள் போய்விட்டது.

மறுநாள் விடியும்போதே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பருந்து நனைந்த சிறகோடு தடுமாறி வந்து விழுந்தது.

"சிவந்தி! மேல்மலையில ஆறு உடைச்சுக்கிட்டு வருது! அடி!"

சிவந்தி வேங்கைக்குப் பறந்தது. தக தக தக தக என்று அலகு ஓடியது. தகதிமி தோம்.

அடுத்த சுற்றில் சரியாகிவிடும் என்று அடித்தது. தகதிமி தோம். அதற்கடுத்ததும் அதேதான்.

கொட்டைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது காட்டின் கட்டுப்பாடு. நின்றால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருள். எந்த மரங்கொத்தியும் அதுவரை நிறுத்தியதில்லை. சிவந்தி நிறுத்தியது. நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டது.

மழைக்குள் காலடிகள் கேட்டன. மான்கள், பன்றிகள், முயல்கள். மழையிலும் இடி விழுந்து எங்கோ தீப்பற்றியிருக்கும் என்று கொட்டு சொன்னதையே நம்பி, எல்லாம் கீழே, ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. நடுவே முட்கள் உரசும் சலசலப்பு. அதன் பின்னால் இரண்டு சின்னச் சலசலப்புகள்.

முதலிலிருந்து தொடங்கத்தான் அலகு துடித்தது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தடுக்கும் இடத்தை மட்டும், மெதுவாக அடித்தது. தகிட. நிறுத்தியது. கேட்டது. மூன்று. பிறகுதான் அடுத்ததை அடித்தது. தகிட. நிறுத்தியது.

கீழே எல்லாரும் குழம்பி நின்றார்கள். "கொட்டு நின்னு நின்னு வருது. ஆபத்து போயிடுச்சு போல" என்றது ஒரு காட்டுப்பன்றி.

"வாயை மூடிக்கிட்டுக் கேளு!" என்று கூரி அதட்டியது. புங்க மரத்தடியில் அந்தப் பிற்பகல் கேட்ட அதே அடி. "மூணு! இது மூணு! வெள்ளம்டா, மேலே ஏறுங்க!"

கூட்டம் திரும்பிச் சரிவில் ஏறியது. கூரி தன் குட்டிகளை மூக்கால் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு எல்லாருக்கும் கடைசியில் வந்தது. அவர்களுக்குப் பின்னால் ஆறு மண்ணும் பாறையுமாகப் புரண்டு வந்து, புங்க மரத்தையும் அதன் வேருக்கடியில் இருந்த வளையையும் அடித்துக்கொண்டு போனது.

சிவந்தி அடிப்பதை விடவில்லை. அடித்தது, நிறுத்திக் கேட்டது. முட்களின் பெரிய சலசலப்பு வேங்கையைத் தாண்டி மேலே போனது. ஒரு சின்னச் சலசலப்பு போனது. சிவந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை அடித்து, கேட்டது. இரண்டாவது சின்னச் சலசலப்பும் தாண்டிப் போனது.

அன்று முதல்தான் மரங்கொத்தி கொஞ்சம் கொத்துகிறது, நிறுத்துகிறது, தலையைச் சாய்த்துக் கேட்கிறது. விழுந்த அடி சரிதானா என்று தெரிந்த பிறகே அடுத்ததைக் கொத்துகிறது.