கரடி வைத்த எடைப் பலகை

கோடையில் சுருங்கிப்போன குளத்துக்குக் கரடி காவல். தங்கமான மனசு அதற்கு. ஆனால் தூக்கம் என்றால் உயிர்!

எருமைகள் இறங்கித் தண்ணீரைக் கலக்காமல் இருக்க, அது ஒரு தந்திரம் செய்தது. குளத்துக்குப் போகும் வழியில் ஒரு பலகையைப் போட்டது. கனமானவர் கால் வைத்தால் பலகை தாழும்; வழியில் கட்டிய மூங்கில் தட்டியான படல் சடாரென்று மூடிக்கொள்ளும்.

காட்டுச் சபை சம்மதித்தது. கூடவே ஒரு விதியும் போட்டது. "எடை பார்ப்பதை முன்கூட்டியே சொல்! தடுத்தால் காரணம் சொல்! மறுபடி பார்க்கச் சொன்னால், நீயே வந்து கண்ணால் பார்!"

"இவ்வளவுதானா!" என்ற கரடி, ஒரு மைனாவைப் படல் மேல் உட்கார வைத்தது. "யார் வந்தாலும் 'எடை பாக்குறோம்'னு சொல்லு. படல் மூடினா 'கனம் அதிகம்'னு சொல்லு. மறுபடி கேட்டா 'பாத்தாச்சு'னு சொல்லு!"

விதிப்படி நடந்துவிட்ட திருப்தியில் கரடி நாவல் மரத்தடியில் குறட்டை விட்டது.

உச்சி வெயிலில் நிறைசூல் மான் ஒன்று நா வறண்டு வந்தது.

"எடை பாக்குறோம்!" என்றது மைனா.

மான் கால் வைத்தது. வயிற்றுக் குட்டியின் கனமும் சேர, படல் மூடிக்கொண்டது.

"கனம் அதிகம்!" என்று மைனா கத்தியது.

"ஊருக்கே கேக்குற மாதிரி கத்தாதே! புலி காதுல விழுந்தா என்னால ஓடக்கூட முடியாது. கரடியண்ணனை வந்து பாக்கச் சொல்லு!"

"பாத்தாச்சு!"

"யாரு பாத்தது?"

மான் தள்ளாடி அங்கேயே சாய்ந்தது. பாவம், மைனாவுக்குப் பொறுக்கவில்லை. பறந்துபோய்க் கரடியின் காதைக் கொத்தியது.

"அண்ணே, எந்திரிங்க! நீங்க சொல்லச் சொன்னதெல்லாம் சொல்லிட்டேன். மான் செத்துரும் போல இருக்கு!"

"பலகை தப்பாவா சொல்லும்?" என்று முனகிக்கொண்டே கரடி வந்தது. மானின் வயிற்றுக்குள் குட்டி உதைப்பது வெளியே தெரிந்தது.

"என் தூக்கத்துல இடி விழ! வா தங்கச்சி!" என்று கரடி படலைப் பிடுங்கி எறிந்தது.

உள்ளே போனால், எடை குறைந்த எருமைக் கன்று ஒன்று ஆனந்தமாகப் புரண்டு சேறாக்கிக்கொண்டிருந்தது! "இவனை விட்டுட்டு உன்னையா தடுத்துச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்ட கரடி, தெளிந்த ஓரமாகப் பார்த்து மானைக் குடிக்க வைத்தது.

அன்றிலிருந்து கரடிக்குப் பலகைக்குப் பக்கத்தில்தான் இருப்பு. கண் சொக்கும், ஆனால் "அண்ணே, கொஞ்சம் பாருங்க" என்று யார் கூப்பிட்டாலும் எழுந்து வந்துவிடும்.

தீர்ப்புச் சொல்லும் வேலையைப் பலகையிடம் விடலாம். அந்தத் தீர்ப்புக்குப் பதில் சொல்லும் பொறுப்பை விட முடியாது.