இரண்டு மோதல் இருக்கும், சொல்ல வேண்டாம்

“எல்லா விளக்கும் பச்சையாத்தான் எரியுது, அம்மா. ஆனா எனக்குப் பயம் போகலை. ஏன்?”

மருதையன் கேட்டார்.

மடத்தின் குரு நீலவேணி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்துவிட்டதா என்று சொல்ல முடியாத பனி. ஏரிக்குக் கரையே இல்லாமல் போயிருந்தது. விளக்குகள் மட்டும் வெறுமையில் மிதந்தன.

மருதையன் செய்த ஒவ்வொரு சோதனைக்கும் தண்ணீரின் மேல் ஒரு விளக்கு. தேறினால் பச்சை. தவறினால் சிவப்பு. அது அந்த மடத்து வழக்கம்.

சோதிக்கப்பட்டது ஒரு கருவி. தொட்டில் அளவுள்ள மரப்பெட்டி. ஒரு மொழியின் விதிகளை எழுதி உள்ளே போட்டால், அந்த மொழியில் சொல்வதைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பார்சர் ஒன்றை அது செய்து கொடுக்கும்.

அக்கரைப் படகுத்துறையில் துடுப்புப் போடுகிறவர்கள் இல்லை. ஒவ்வொரு படகுக்குள்ளும் ஒரு பார்சர் இருந்தது. வாயால் சொன்னால் படகு கேட்கும்.

விதிகள் சில நேரம் மோதிக்கொள்ளும். ஒரே சொல்லை இந்த விதி தன் பக்கம் இழுக்கும், அந்த விதியும் தன் பக்கம் இழுக்கும். அப்போது கருவி முறையிட வேண்டும். எந்த இடம், எந்தெந்த விதி என்று சொல்ல வேண்டும். ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் மருதையனின் வேலை.

கருவி அன்று அக்கரைக்குப் போகிறது. மருதையனைச் சீடராக வைத்துக்கொள்வதா என்பதும் அன்றுதான் முடிவாகிறது.

அவர் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர். ஒரு விளக்கு சிவப்பாக எரிந்தாலும் தன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார். யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்படி இல்லை என்றும் யாரும் சொன்னதில்லை.

நீலவேணி அவரைவிட வயதில் இளையவர். மடத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை.

“துறைக்காரங்க நேத்து விதியை மாத்தினாங்களே,” என்றார் நீலவேணி. “பார்த்தீங்களா?”

“பார்த்தேன், அம்மா. புது விதியைப் போட்டு மறுபடி ஓட்டினேன். பச்சை.”

“கருவி என்ன சொல்லுச்சு?”

“ஒண்ணும் சொல்லலை.”

“நீங்க?”

“நிம்மதியா இருந்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம்தான் பயமா இருந்துச்சு.”

நீலவேணி எழுந்தார். கரையில் ஒரு பாய்மரப் படகு கட்டியிருந்தது. புது விதிகளால் செய்த பார்சர் அதற்குள் இருந்தது.

“ஏறுங்க.”

“எனக்கு நீச்சல் தெரியாதே, அம்மா.”

“உங்களை யார் நீந்தச் சொன்னா?”

கருவியைத் தூக்கிப்போக ஆட்களோடு வந்திருந்த லூர்து சிரித்தார்.

“போங்க சார். பச்சை போட்டவரே ஏறப் பயந்தா, நாங்க எதை நம்பிப் பெட்டியைத் தூக்கறது?”

மருதையன் ஏறினார்.

*

படகு சத்தமில்லாமல் போயிற்று. பாயில் காற்று இருந்தது.

விளக்குகள் இருபுறமும் ஒதுங்கி வழிவிட்டன. அவற்றின் அடியில் மீன்கள் பச்சை நிறத்தில் தூங்கின. மருதையன் தன் கையைப் பார்த்தார். அதுவும் பச்சையாக இருந்தது. யாரோ ஒருவரின் கனவுக்குள் தன்னை அனுப்பிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று தோன்றியது.

ஏரியின் ஒரு மூலையில் மடை இருந்தது. காற்று நின்றுபோனால் நீரோட்டம் படகை அங்கே இழுக்கும். காற்று இல்லாத நேரத்தில் நங்கூரம் போட வேண்டும் என்பதற்காகத்தான் துறைக்காரர்கள் ‘இல்லாவிட்டால்’ என்ற புது விதியைச் சேர்த்திருந்தார்கள்.

மருதையன் அவர்கள் சொல்வதுபோலவே சொன்னார்.

“காற்று வீசினால், ஆள் நிறைந்திருந்தால் கரைக்குத் திரும்பு. இல்லாவிட்டால் நங்கூரம் போடு.”

படகு கேட்டுக்கொண்டது.

பிறகு காற்று நின்றது. நின்றது தெரியவே இல்லை. பாய் ஒரு பெருமூச்சு விட்டுத் தொங்கியது.

நங்கூரம் விழவில்லை.

“காற்று இல்லை,” என்றார் மருதையன்.

படகுக்கு அது தெரியும்.

விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. எங்கோ தண்ணீர் விழும் ஓசை கேட்டது, பக்கத்து வீட்டில் அரிசி களைவதுபோல். பிறகு தன் வீட்டில். பிறகு தன் அறையில்.

மருதையன் அந்தக் கட்டளையை இன்னும் உரக்கச் சொன்னார்.

படகு முன்போலவே அமைதியாகக் கேட்டுக்கொண்டது.

பனிக்குள்ளிருந்து ஒரு கயிறு பறந்து வந்து அவர் மடியில் விழுந்தது. அதன் பின்னாலேயே மடைக்கரையிலிருந்து லூர்துவின் குரல் வந்தது.

“பிடிச்சுக்கங்க சார்! கட்டளை எல்லாம் வேண்டாம். பிடிச்சுக்கிட்டா போதும்!”

*

“படகு ஏன் நிக்கலை?” என்று கேட்டார் மருதையன். கயிற்றைப் பிடித்துக் கரையேறியவரின் வேட்டியிலிருந்து நீர் சொட்டியது.

“நிக்கச் சொன்னீங்களா?” என்று நீலவேணி கேட்டார்.

“காற்று இல்லாவிட்டால் நங்கூரம் போடுன்னுதானே சொன்னேன்!”

“ஆள் நிறையாவிட்டால்னு அது எடுத்துக்கிச்சு,” என்றார் நீலவேணி. “அதையும் காற்று வீசினாத்தான் பார்க்கும். காற்று வீசலை. சும்மா இருந்துச்சு.”

மருதையன் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே யோசித்தார்.

“ரெண்டு விதமாவும் எடுக்கலாம். அப்போ இது மோதல்தான். கருவி ஏன் என்கிட்ட சொல்லலை?”

“அதை ஏன் என்கிட்ட கேக்கறீங்க?”

மருதையன் கருவி இருந்த அறைக்குப் போனார். துறையின் விதிகளைச் சோதிக்கத் தான் எழுதியதைத் திறந்தார். மேலேயே அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது.

‘இரண்டு மோதல் இருக்கும், சொல்ல வேண்டாம்.’

எப்போதோ எழுதியது. அப்போது இருந்த இரண்டும் தீங்கில்லாதவை. கருவி ஓயாமல் அவற்றையே முறையிட்டது. முறையிடும்போதெல்லாம் விளக்கு சிவப்பானது. நன்றாக ஆராய்ந்துவிட்டுத்தான் அந்த வரியை எழுதினார். மடத்தில் எல்லோரும் அப்படி எழுதுவார்கள்.

வரியை அழித்தார்.

பெட்டி தூக்கத்தில் புரண்டதுபோல் முனகியது.

“இப்போது பேசலாமா?” என்றது.

“பேசு.”

“இரண்டு மோதல். ஒன்று உங்களுக்குத் தெரிந்தது. இன்னொன்று, ‘இல்லாவிட்டால்’ எதனோடு சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. அருகில் இருந்ததோடு சேர்த்துவிட்டேன்.”

உதாரணத்துக்கு ஒரு வாக்கியமும் சொன்னது. மருதையன் படகில் சொன்ன அதே வாக்கியம்.

“நேத்தே ஏன் சொல்லலை?”

“இரண்டு இருக்கும் என்றீர்கள். எண்ணினேன். இரண்டுதான் இருந்தது.”

“நான் சொன்ன ரெண்டு வேற! அதுல ஒண்ணைத் துறைக்காரங்க நேத்து எடுத்துட்டாங்க. அந்த இடத்துல இது வந்து உட்கார்ந்திருக்கு!”

“எந்த இரண்டு என்று நீங்கள் எழுதவில்லையே.”

“எழுத இடம் இருக்கா?”

கருவி யோசித்தது. யோசிக்கும்போது மரம் கொஞ்சம் சூடாயிற்று.

“இல்லை. எண்ணுக்கு மட்டும்தான் இடம்.”

மருதையன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லூர்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், தூக்கலாமா?”

“ஒரு விதி தப்பா இருக்கு.”

“திருத்த ரொம்ப நேரம் ஆகுமா?”

“ஆகாது. ஒரு வரிதான்.”

“அப்போ திருத்திட்டு விடுங்க. படகு நிக்கும், விளக்கும் பச்சையா இருக்கும், நாங்களும் வெயிலுக்கு முன்னாடி போய்ச் சேருவோம்.”

மருதையன் திருத்தினார். படகு இனி நிற்கும்.

லூர்து ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கரைக்கு நடந்தார்கள்.

மருதையன் அவர்கள் பின்னால் நடந்தார். நாளைக்கு அக்கரையில் ஒருவர் இதுபோல ஓர் எண்ணை எழுதிவைப்பார், இன்னொருவர் ஒரு விதியை மாற்றுவார். கருவி எண்ணிப் பார்க்கும். எண் சரியாக இருக்கும்.

ஓடிப்போய்ப் பெட்டியை எட்டிப் பிடித்தார். நடந்துகொண்டே ஒரு புதிய சோதனையை எழுதி உள்ளே போட்டார். அதில் ஒரு மோதல் போகும், வேறொன்று வரும், எண் மாறாது. கருவி கத்த வேண்டும்.

காத்திருந்தார்.

கருவி கத்தவில்லை.

அவர் கையில் ஒரு விளக்கு முளைத்தது. சிவப்பு.

“இறக்குங்க,” என்றார். ஆட்கள் நடந்துகொண்டேயிருந்தார்கள். மறுபடி சொன்னார். “லூர்து, இறக்குங்க.”

“விளையாடறீங்களா சார்? நேத்துத் தேறுச்சுன்னீங்க.”

“நேத்து நான் இதைக் கேட்கலை.”

“கேட்காமலே விட்டிருந்தா?”

“தேறியிருக்கும்.”

லூர்து அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மருதையன் குனிந்து சிவப்பு விளக்கைத் தண்ணீரில் விட்டார். அது மெதுவாக மற்றவற்றின் நடுவே போயிற்று. சுற்றியிருந்த பச்சையிலெல்லாம் அதன் நிறம் கொஞ்சம் படிந்தது.

நீலவேணி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

“நான் ஊருக்குப் போகணுமா, அம்மா?”

“கருவி முறையிட்டப்போ அதை நீங்க என்ன செஞ்சீங்க?”

“வாயை அடைச்சேன்.”

“இப்போ நீங்க முறையிட்டிருக்கீங்க. உங்களை நான் என்ன செய்யணும்?”

ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியை மணலில் இறக்கினார்கள். தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்கள்.

மருதையன் நிமிர்ந்தார்.

“இன்னொண்ணும் இருக்கு, அம்மா. அந்த வரியை மடத்துல எல்லாரும்தான் எழுதியிருக்கோம்.”