ஆன்டெனாவின் அடிப்பக்கம்

"இந்த வேன் ரேடியோவுக்கு மூணு ஆன்டெனா மாத்திட்டேன், மேஸ்திரியம்மா. ஒண்ணும் இழுக்கல," என்றார் போஜன்.

ஜெசிந்தா தலை நிமிரவில்லை. வேறொரு வண்டியின் முகப்பு விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

போடி மலையடிவாரத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவர் ஜெசிந்தா. வயது முப்பத்து நாலு. அவரிடம் தொழில் படிக்க வந்த போஜனுக்கு ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருஷம் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். அந்தப் புகை நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ள, இனிமேல் பெயிண்ட் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழு மாதமாக இங்கே ஒயர் சீவிக்கொண்டிருக்கிறார்.

"எனக்கு இந்தத் தொழில் வராது போல. இன்னையோட விட்டுடலாம்னு இருக்கேன்."

"மணி என்ன?" என்றார் ஜெசிந்தா.

"பன்னெண்டரை."

"வேன் எத்தனை மணிக்குப் போகணும்?"

"ரெண்டு."

ஜெசிந்தா அடுத்த திருகைக் கழற்றப் போனார்.

வேன் சன்னாசியுடையது. ஏலக்காய் எடுக்கும் பெண்களைக் காலையில் மலைமேல் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிவருவான். அந்தப் பெண்களில் ஒருத்தி ஒச்சம்மா. போன மாதம் வானொலிக்காரர்கள் காட்டுக்கே வந்து அவள் பாட்டைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். இன்று ஐந்து மணிக்கு ஒலிபரப்பு. ஐந்து மணிக்கு அவர்கள் எல்லோரும் மலைப்பாதையில் இருப்பார்கள். அங்கே போனில் சிக்னல் கிடையாது. வேனில் ரெண்டு வருஷமாகப் பாடாமல் கிடக்கும் ரேடியோ ஒன்றுதான் வழி.

"பதினாலு பேரும் காலையிலேருந்து அதே பேச்சுண்ணே. ரேடியோ பாடலேன்னா என்னை மலையிலேருந்து உருட்டி விட்ருவாங்க," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான் சன்னாசி.

போஜன் மறுபடியும் ரேடியோவைப் போட்டார். முன்சக்கரத்துக்கு மேலே மோட்டார் 'ர்ர்ர்' என்றது. ஆன்டெனா கம்பி அழகாக மேலே ஏறி நின்றது. ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்.

"பாருங்க. கரண்ட் வருது. மோட்டார் ஓடுது. கம்பி ஏறுது. கேபிள் புதுசு. செட்டையும் மாத்திப் பாத்துட்டேன்."

ஜெசிந்தா எழுந்து வந்தார்.

"கம்பி மேல எவ்வளவு தூரம் போகுது?"

"மூணு அடி."

"கீழே?"

"கீழே என்ன?"

ஜெசிந்தா ஒரு துண்டு ஒயரை எடுத்தார். ஒரு முனையை ஆன்டெனாவின் அடிக்கட்டையில் வைத்தார். மறுமுனையை வேன் பாடியில் இருந்த ஒரு போல்ட்டில் வைத்தார்.

ரேடியோவில் ஒருவர் மிளகு விலை சொன்னார். பக்கத்தில் நின்று சொல்வதுபோல இருந்தது.

ஒயரை எடுத்தார். இரைச்சல்.

வைத்தார். மிளகு விலை.

"எர்த்து!" என்றார் போஜன். "மோட்டாருக்குத் தனி எர்த்து ஒயர் இருக்கு, அதனால ஓடுது. ஆனா அடிக்கட்டை பாடியைத் தொடல. ஏன் தொடல? நட்டை நல்லா இறுக்கித்தானே மாட்டுனேன்?"

ஜெசிந்தா டார்ச்சை நீட்டினார்.

போஜன் சக்கரத்துக்கு மேலே தலையை விட்டுப் பார்த்தார். ஆன்டெனா உட்காரும் துளையைச் சுற்றி, தகட்டின் அடிப்பக்கத்தில், கண்ணாடி மாதிரி பெயிண்ட். ஒரு சொட்டு வழியவில்லை. ஒரு ஓரம் விடுபடவில்லை. அடிக்கட்டையின் பல் தகட்டைக் கடித்துத் தொட வேண்டிய இடத்தில், தொடவிடாமல் மூன்று கோட் ஏறியிருந்தது.

"யார் அடிச்ச பெயிண்ட்ண்ணே?" என்றார் ஜெசிந்தா.

போஜன் தலையை வெளியே எடுத்தார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், யாருமே பார்க்காத அடிப்பக்கத்தைக்கூட விடாமல் அடித்ததற்காக இந்த வேனைச் சுற்றி நின்று நாலு பேர் பாராட்டியது அவருக்கு நினைவு வந்தது.

"நான்தான்."

ஜெசிந்தா ஒரு துண்டு உப்புத்தாளை அவர் கையில் வைத்துவிட்டு, முகப்பு விளக்குக்குத் திரும்பிப் போய்விட்டார்.

முதல் தேய்ப்புக்குக் கை வரவில்லை. இரண்டாவதற்கும் வரவில்லை. மூன்றாவதில் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. பிறகு அவர் நிறுத்தவில்லை. துளையைச் சுற்றி ஒரு வளையல் அகலத்துக்குத் தகடு பளிச்சென்று தெரிந்ததும், அடிக்கட்டையை உட்கார வைத்து நட்டை இறுக்கினார்.

ரேடியோ பேசியது. அணைத்தார். போட்டார். பேசியது.

ரெண்டு மணிக்குச் சன்னாசி வண்டியை எடுத்தான். "நீங்களும் ஏறிப் போயிட்டு வாங்கண்ணே, வழியில எப்படி இழுக்குதுன்னு பாக்கணும்ல," என்ற ஜெசிந்தா, ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு வேன் இறங்கிக்கொண்டிருந்தது. பதினாலு பெண்களும் ரேடியோ பக்கம் சாய்ந்துகொண்டு இருந்தார்கள். அறிவிப்பாளர் ஒச்சம்மாவின் பெயரையும் அவள் அப்பா பெயரையும் சொன்னார். பாட்டு வந்தது.

*ஏலம் பூத்த காட்டுக்குள்ள
ஏறிப் போற தங்கச்சி…*

வேன் குலுங்கும்படி கத்தினார்கள். ஒச்சம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். போஜன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

அடுத்த கொண்டை ஊசி வளைவில் பாட்டு அறுந்தது. இரைச்சல்.

"அண்ணே!" என்றான் சன்னாசி.

போஜன் ஸ்க்ரூ டிரைவரை உருவிக்கொண்டு எழுந்தார். "நிறுத்துப்பா வண்டியை!" என்று சொல்ல வாயைத் திறந்தவர், ஜெசிந்தாவைப் பார்த்தார்.

ஜெசிந்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வானமே தெரியவில்லை. வேனை ஒட்டி, செங்குத்தாக, கரும்பாறை.

போஜனும் பாறையைப் பார்த்தார்.

பிறகு உட்கார்ந்தார்.

"என்னண்ணே, ரிப்பேரா?"

"இல்லப்பா. மலை. நீ ஓட்டு."

ஒச்சம்மா முந்தானையை விலக்கினாள். விட்ட இடத்திலிருந்து அவளே பாடத் தொடங்கினாள். பதிமூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். மேஸ்திரியம்மாவும் தாளம் போட்டார்.

வேன் பாறையைத் தாண்டித் திரும்பியது. வானம் திறந்தது. ரேடியோவில் இருந்த ஒச்சம்மா ஒரு வரி முன்னால் போயிருந்தாள். வேனில் இருந்த ஒச்சம்மா சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அவளைப் பிடித்தாள்.