மருதையன் ஓடிப்போகவில்லை

ஆறு கடலைத் தொடுகிற கழிமுகத்தில், இடிந்த படகுத்துறைக்குக் கீழே, ஒரு மட்டவான் மீன்கூட்டம் குடியிருந்தது. கறுத்த முதுகு, தட்டையான உடம்பு, சிப்பியையே நொறுக்குகிற பல். கரையை ஒட்டியே மேயும் மீன்கள் அவை. அந்தக் கூட்டத்தில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். வயிறு நிறையச் சினை. அவள் புருஷன் பெயர் மருதையன்.

அன்று காலை கடல்நீர் உள்ளே வந்து வெள்ளம் ஏறும் நேரத்தில் மருதையன் முன்வாய்க்குப் போனான். போனவன் திரும்பவில்லை.

முன்வாய் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். துறைக்கு மேலே ஒரு தில்லை மரம் சாய்ந்து நிற்கிறது. அதன் பால் பொல்லாத விஷம். எந்தக் காலத்திலோ அந்தப் பால் வடிந்த கிளையொன்று முறிந்து விழ, இரை என்று நினைத்து மொத்தக் கூட்டமும் பாய, பாதிப் பேர் செத்து மிதந்தார்களாம். அதிலிருந்து வந்தது இந்த வழக்கம். மேலேயிருந்து எது விழுந்தாலும் முறைக்காரர் ஒருவர் மட்டும் போய் முதலில் கடித்துப் பார்க்க வேண்டும். நல்லதென்றால் வாலை இரண்டு தரம் அடிக்க வேண்டும். பிறகு எல்லோரும் போய்த் தின்னலாம். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அதோடு இன்னொன்றைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போனவன் திரும்பி வராவிட்டால், நல்ல இரை கிடைத்ததும் தனியாகத் தின்றுவிட்டுக் கடலுக்கு ஓடிவிட்டான் என்று அர்த்தமாம்! அவனுக்குத் 'தனிவாயன்' என்று பட்டம். அவன் வீட்டார் எல்லோரும் மேய்ந்து முடித்த பிறகுதான் மேய வேண்டும். அபராதமாக, அடுத்த முன்வாயும் அதே வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அந்த ஆள் திரும்பி வந்தால்தான் அபராதம் தீர்ந்து, முறை அடுத்த வீட்டுக்குப் போகும்.

இதைச் சட்டமாக்கியவர் கூட்டத்தின் தலைவர் பெருஞ்செதிலார். அவர் வீட்டிலிருந்து இதுவரை ஒரு குஞ்சுகூட முன்வாய்க்குப் போனதில்லை. தலைவர் வீடு எல்லோரையும் மேற்பார்வை பார்க்க வேண்டுமாம், அதனால் விலக்கு.

மருதையனோடு சேர்த்தால் அந்த வருஷம் பதினொரு தனிவாயர்கள். பதினொரு பேர் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடினார்களா, அப்படி என்னதான் கடலில் கொட்டிக் கிடக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அத்தனை பேரும் சிப்பி நொறுக்கும் வாய்க்காரர்கள், இதற்கு மட்டும் வாய் திறக்கமாட்டார்கள்.

உச்சிப்பொழுதுக்குள் சிலம்பாயியைப் பார்த்து எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நேற்றுவரை ஒரே சிப்பியில் வாய் வைத்தவள்கூட, "உன் வீட்டுக்காரர் இப்படிப்பட்டவர்னு நெனக்கலை அக்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனாள். ஒரு இறால் கிடைத்தால் பாதியை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மீதியைத் தின்கிறவன் மருதையன். அவனா தனியாகத் தின்பான்?

அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவனைத் தேடிக் கரையோரமாகவே நீந்திப் போனாள். துறையின் கடைசிக் கல்லுக்குப் பக்கத்தில் கோணக்காலன் என்கிற நண்டு உட்கார்ந்து எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தாள். அது ஒரு முதுகுத் துடுப்பு. மூன்றாவது முள் பாதியில் ஒடிந்திருந்தது. போன மழைக்காலத்தில் வலையில் மாட்டித் தப்பியபோது மருதையனுக்கு ஒடிந்த முள் அது.

சிலம்பாயி இன்னும் நெருங்கி வந்தாள். அந்த முள்ளை முகர்ந்து பார்த்தாள். நண்டுதான் முதலில் சங்கடப்பட்டு, துடுப்பைப் பின்னால் மறைத்துக்கொண்டது.

"மறைக்காதீங்க அண்ணே. அது என் வீட்டுக்காரர். எப்படிச் செத்தார்னு மட்டும் சொல்லுங்க."

நண்டு வாயிலிருந்ததை முழுங்கிவிட்டுச் சொன்னது. இந்தக் கல்லின் மேல் ஒரு பச்சை முதுகுக் கொக்கு வந்து நிற்கிறதாம். அதனிடம் மீன்கொத்தியின் நீல இறகு ஒன்று இருக்கிறதாம். வெள்ளம் ஏறும்போது அந்த இறகைத் தண்ணீரில் மிதக்க விடும். நீரோட்டத்தில் அது துடிக்கிற துடிப்பு, அசல் இறால்தான். தள்ளிப்போனால் அலகால் எடுத்து மறுபடியும் பழைய இடத்தில் வைக்கும். மட்டவான் வந்து அதன் காம்பைக் கடிக்கும். அவ்வளவுதான், ஒரே கொத்து. தலையும் துடுப்பும் நண்டுக்கு விழும்.

"பதினொண்ணையும் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் தங்கச்சி."

"ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணே."

"யாரும் கேக்கலையே" என்றது நண்டு. கொக்கிடம் ஒருநாள் தானே கேட்டதாகவும் சொன்னது. அதற்குக் கொக்கு சிரித்ததாம். "நான் யாரையும் கூப்பிடலை. இறகைப் போட்டுட்டு நிக்கிறேன். அவங்களே முறை வச்சு ஒவ்வொருத்தரா அனுப்பி வைக்கிறாங்க. போனவங்களைத் தேடி ஒருத்தரும் வர்றதில்லை. இந்த மாதிரி ஜனம் எனக்கு வேற எங்க கிடைக்கும்?" என்றதாம்.

கேட்கும்போதே உடம்பு கொதிக்கிறதா இல்லையா? சிலம்பாயிக்கு எப்படி இருந்திருக்கும்! கூட்டத்துக்கு வந்து இதை அப்படியே சொல்லும்படி அவள் நண்டைக் கெஞ்சினாள். நண்டு அந்தக் கண்ணையும் இந்தக் கண்ணையும் திருப்பிவிட்டு, தனக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே என்றது. பிறகு பொந்துக்குள் பின்பக்கமாகவே நழுவிவிட்டது.

அவள் தனியாகத்தான் தலைவரிடம் போனாள். பெருஞ்செதிலார் துறையின் அடியில் நல்ல நிழலான பொந்தில் இருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, அந்தக் கொக்கு வந்து நிற்கத் தொடங்கிய பிறகுதான் நீர்க்காகங்கள் இந்தப் பக்கம் வருவதில்லை, கொக்கு ஒருவிதத்தில் நமக்குக் காவல் என்றார். பிணம் தின்னுகிற நண்டின் பேச்சை நம்பி ஒரு கூட்டத்தின் வழக்கத்தை மாற்ற முடியுமா என்றார். கடைசியில் அவள் வயிற்றைக்கூடப் பார்க்காமல் தீர்ப்பும் சொன்னார்.

"மருதையன் தனிவாயன். நாளைக்கு வெள்ளம் ஏறும்போது முன்வாய் உன்னோடது."

"சினையோட இருக்கேன், தலைவரே."

"வழக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்றார், மேற்பார்வை பார்க்கிறவர்.

சிலம்பாயி அழுதாள். ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது, நன்றாக அழுதாள். அலையாத்திக் காட்டின் வேர்களுக்குள் ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அங்கே இரை குறைவு, ஆனால் உயிர் பிழைக்கும், வயிற்றில் இருப்பதும் பிழைக்கும். ஆனால் அவள் போய்விட்டால் மருதையன் என்றென்றைக்கும் ஓடிப்போனவன்தான். அவனோடு அவளும் ஓடிப்போனவள். அடுத்த முறை இன்னொரு வீட்டுக்கு வரும். அந்த நினைப்பே அவளுக்குப் பொறுக்கவில்லை. போவதென்று முடிவெடுத்தாள். ஆனால் கொக்கு நினைக்கிற வழியில் போகக்கூடாது.

மறுநாள் வெள்ளம் ஏறியது. இறகு மிதந்தது. நீலமாக, பளபளவென்று, உயிருள்ளதுபோலத் துடித்தது. கூட்டம் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. முன்வாய்க்காரர்கள் எப்போதும் ஆழத்திலிருந்து நேராக மேலே வருவார்கள். கொக்கின் கண்ணும் அந்தப் பக்கமே குத்திட்டு நிற்கும். சிலம்பாயி அந்த வழியை விட்டாள். கரையைச் சுற்றி, முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரில், வயிறு மணலில் உரச, கொக்கின் பின்பக்கமாக வந்தாள். கல்லை ஒட்டி, கொக்கின் நிழலுக்குள்ளேயே நகர்ந்தாள். தலைக்கு மேலே அதன் மஞ்சள் விரல்கள் தெரிந்தன.

இறகின் காம்பு அவள் பக்கம் திரும்பியது. லபக்கென்று அதைக் கவ்விக் கீழே இழுத்தாள். கொக்கு திடுக்கிட்டுக் கொத்தியது. அலகு அவள் வாலைப் பிடித்தது. அவள் உதறினாள். வாலில் பாதி கிழிந்து கொக்கின் அலகிலேயே நின்றுவிட்டது. மீதி வாலோடு, கோணல்மாணலாக நீந்தி, ஆழத்துக்கு வந்து சேர்ந்தாள். வாயில் இறகு இருந்தது.

கூட்டத்தின் நடுவில் ஒரு தட்டைக் கல்லில் அதைப் போட்டாள். நண்டு சொன்னதையும் தலைவர் சொன்னதையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

எல்லோரும் நெருங்கிவந்து பார்த்தார்கள். அதில் சதை இல்லை, ருசி இல்லை. வெறும் இறகு. காம்பு முழுக்கப் பல் தடம் மட்டும் வரிசையாகக் கிடந்தது. பேச்சி என்கிற கிழவி தன் மகனைப் பறிகொடுத்தவள். முன்பல் இரண்டு விலகிய தடம் ஒன்றைப் பார்த்தாள். அது அவள் மகனின் பல் தடம். இத்தனை நாளாக அவளும் தன் மகனைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

பெருஞ்செதிலார் அவசரமாக முன்னால் வந்தார். சரி, இறகு என்று தெரிந்துபோயிற்று, இனிமேல் யாரும் இறகைக் கடிக்க வேண்டாம், கலைந்து போங்கள் என்றார்.

சிலம்பாயி நகரவில்லை. "என் புருஷன் பேரு என்ன ஆச்சு?"

"போனது போகட்டும் தாயி. கிளறினா கூட்டம் கெட்டுப்போகும். இறகுக்கும் இறாலுக்கும் வித்தியாசம் தெரியாம ஆசைப்பட்டு வாய் வச்சது அவன் தப்புதானே?"

கேட்டீர்களா? முதலில் ஓடிப்போனவன், அது பொய்யென்றதும் ஆசைப்பட்டவன். அனுப்பிவைத்த இவர் மட்டும் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். செத்தவன் எழுந்துவந்து பதில் சொல்லமாட்டான் என்கிற தைரியம்!

சிலம்பாயி வாயைத் திறப்பதற்குள், மேலே தண்ணீர் சலசலத்தது. இறகைப் பறிகொடுத்த கொக்கு சும்மா இருக்குமா? ஒரு தும்பியைப் பிடித்துப் போட்டிருந்தது. அசல் தும்பி, சிறகு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. பசி நேரம் வேறு. பெருஞ்செதிலார் தொண்டையைச் செருமினார்.

"இது இறகு இல்லை. முறைப்படி..." என்று இழுத்தார். கண் பேச்சிக் கிழவியின் பக்கம் போயிற்று.

"முறைப்படி நான் போய்ட்டு வந்தாச்சு. அபராதம் தீர்ந்தது" என்றாள் சிலம்பாயி. கிழிந்த வாலோடு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். குரல் உயரவில்லை. "இன்னைக்கு நீங்க போங்க, தலைவரே. நல்ல தும்பி. கொக்குதான் நமக்குக் காவலாச்சே. போய்க் கடிச்சுப் பார்த்துட்டு வாலை ரெண்டு தரம் அடிங்க, நாங்க எல்லாரும் வர்றோம். நீங்க வரலேன்னா, தனியாத் தின்னுட்டுக் கடலுக்கு ஓடிட்டீங்கன்னு உங்க பிள்ளைங்ககிட்ட சொல்லிடறோம்."

கூட்டம் தலைவரைப் பார்த்தது. தும்பி மேலே சுழன்றுகொண்டிருந்தது. பெருஞ்செதிலாரின் துடுப்பு அசையவில்லை. ஒரு விரற்கடைகூட அவர் மேலே எழும்பவில்லை. மாறாக, மெல்ல, யாரும் பார்க்காததுபோல, பின்னால் நகர்ந்தார்.

பேச்சிக் கிழவி அதைப் பார்த்தாள். "அப்போ அது காவல் இல்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள்.

அவர் திரும்பினார். விறுவிறுவென்று பொந்துக்குள் போய்விட்டார்.

பேச்சிதான் முதலில் பெயரைச் சொன்னாள். "என் மகன் சடையன் ஓடிப்போகலை." அவள் பக்கத்தில் இருந்தவள் தன் அண்ணன் பெயரைச் சொன்னாள். ஒவ்வொரு வீடாக, திட்டித் தீர்த்த பெயர்களையெல்லாம் வெட்கத்தோடு எடுத்துச் சொன்னார்கள். கடைசியாகச் சிலம்பாயி, "மருதையன் ஓடிப்போகலை" என்றாள்.

அன்று மாலைக்குள் கூட்டம் படகுத்துறையை விட்டு அலையாத்தி வேர்களுக்குள் குடிபோயிற்று. வழியில் கிழிந்த வாலோடு தடுமாறியவளை ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கிக்கொண்டு போனார்கள். பெருஞ்செதிலாரை யாரும் கூப்பிடவில்லை. துறைக்கு அடியில் இப்போது மேற்பார்வை பார்க்க அவரும், மேலே கல்லின்மீது காவல் நிற்கக் கொக்கும்தான் மிச்சம். யார் யாரை எத்தனை நாள் காத்தார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

திரும்பி வராதவன்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக மேய்கிறவர்கள், கொல்கிறவனுக்கு அடுத்த இரையைத் தங்கள் கையாலேயே அனுப்பிவைக்கிறார்கள்.